மூச்சுப்பட்டி

“தூங்கிட்டியா?”

“எங்க தூங்கறது? மூச்சு விடவே இடம் இல்ல.”

“நர்ஸைக் கூப்பிடவா?”

“நர்ஸ் வந்து என்ன பண்ணுவாங்க? ஃபேன் திரைக்கு அந்தப் பக்கம் சுத்துது. காத்தெல்லாம் உங்களுக்கு, வேர்வையெல்லாம் எனக்கு.”

“திரையைத் தள்ளி விடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம். பக்கத்துக் கட்டில் அம்மாவோட வீட்டுக்காரர் வேற வேலையே இல்லாம இந்தப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருக்காரு. திரை இருக்கட்டும். மேல ஒரு முழம் மட்டும் துணிக்குப் பதிலா வலை வெச்சுத் தைச்சிருந்தா போதும். சட்டைக்குக் கழுத்துப்பட்டி இருக்கில்ல, அது மாதிரி திரைக்கு ஒரு மூச்சுப்பட்டி.”

திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான்.

“மூச்சுப்பட்டியா! வயித்துல தையல் போட்டுப் படுத்திருக்கே, இப்பவும் தையல் நெனப்புதானா? சரி, உனக்கு என்ன வேணும் கேளு. இன்னிக்கு எது கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

“இப்ப ஒண்ணும் வேண்டாம். சேத்து வெச்சுக்கறேன். வேணுங்கறப்ப கேப்பேன்.”

“எப்ப கேட்டாலும் சரி. சத்தியம்.”

திரையின் அடி வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று தூங்கிப்போனாள்.

அந்தப் பேச்சு நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. குடல்வால் ஆபரேஷன் தழும்பு வெளுத்து, இருக்கிற இடம் தெரியாமல் போய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம் முற்றினால், “கொஞ்சம் மூச்சுப்பட்டி குடுங்க” என்பாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவான். வெயிலில் அலைந்து வந்து அவன் கட்டிலில் சாய்ந்து, “மூச்சுப்பட்டி” என்று முனகினால், கொஞ்ச நேரம் அவனிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அர்த்தம். எல்லாத் தம்பதிகளிடமும் இப்படி ஒன்றிரண்டு வார்த்தைகள் இருக்கும். வெளியே சொன்னால் அசடு வழியும், உள்ளே சொன்னால் இனிக்கும்.

சேர்த்து வைத்த வரத்தை அவள் செலவழிக்கவே இல்லை. அவன் அவ்வப்போது சீண்டுவான்.

“இன்னும் கேக்கலியே முதலாளியம்மா? வரம் ஊசிப் போயிடப் போகுது.”

“இருக்கட்டும். ஒரு நாள் பெரிசா கேப்பேன், தாங்க மாட்டீங்க.”

முதலாளியம்மா என்று பெயர் வைத்தது அவன்தான். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. வீட்டு முன்னறையில் மூன்று தையல் மெஷின்கள், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று, பழைய கதவை முக்காலிகள் மேல் படுக்கப் போட்ட வெட்டுமேஜை. இவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பார்கள். அவன் போய் அளவெடுத்து வருவான், அவள் வெட்டுவாள், இரண்டு தையல்காரப் பெண்கள் தைப்பார்கள். அவன் கழுத்தில் அளவு டேப் எப்போதும் மாலை மாதிரி தொங்கும். அதனால் அவனுக்கு ஊரில் ‘டேப்’ என்றே பெயர். சாப்பிடும்போதுகூட கழற்ற மாட்டான். அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மனசில் இல்லாததை வாயால் சொல்ல வேண்டி வந்தால், கை தானாக டேப்பை எடுத்து, பக்கத்தில் இருக்கிற எதையாவது அளக்கும். கல்யாணமான புதிதிலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனிடம் சொன்னதில்லை. எல்லாத் துருப்புச் சீட்டையும் மேஜையில் விரித்துவிட்டால் குடும்பம் நடத்துவது எப்படி?

அவள் படுத்திருந்த அதே அரசு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்ப ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. அத்தனை கட்டிலுக்கும் திரை வேண்டுமே! ராத்திரி பகலாக யோசித்து ஒரு மாதிரித் திரை தைத்தாள். மேலே வலை, கீழே துணி. அப்படித் திரை உலகத்தில் வேறெங்காவது இருக்கலாம். அவள் பார்த்ததில்லை. தைத்துத் துவைத்ததும் மானம் போனது. கொதிக்கிற தண்ணீரில் துணி சுருங்கியது, வலை சுருங்கவில்லை. இரண்டும் சேர்கிற இடம் பழைய வாயில் புடவை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். கடைசியில், வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுருக்கி, இரண்டுக்கும் நடுவே நாடா கொடுத்துத் தைத்தபோது கச்சிதமாக நின்றது. தையல்காரப் பெண்கள் வீட்டுக்குப் போனபிறகு, அவளே தைத்தது. தங்கள் படுக்கையறையிலேயே அதைத் தொங்கவிட்டு, கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்தாள். வலை வழியாகக் காற்று இறங்கி நெற்றி முடியைக் கலைத்தது.

“பாஸா ஃபெயிலா?” என்றாள்.

“அளவு பிரமாதம்” என்றான் அவன். கை டேப்பைத் தேடவில்லை. அது நிஜம்.

அரசாங்கத்துக்கு விற்பதென்றால் யாரைப் போய்ப் பார்ப்பது, என்ன எழுதிக் கொடுப்பது? சிறுதொழில் உதவி மையம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனாள். அங்கே ஒரு சின்னப்பெண் இருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா அதை எடுத்துக் கொடுத்ததிலிருந்து இருவரும் சிநேகிதம்.

“அக்கா, மொதல்ல தையல் யூனிட்டை உங்க பேர்ல பதிவு பண்ணுங்க. அப்புறம், டெண்டர்ல ரெண்டு உறை. ஒண்ணுல நீங்க யாரு, என்ன சரக்குங்கற விவரம். இன்னொண்ணுல விலை. விலையை மறந்துகூட மொத உறைல எழுதிடாதீங்க, அப்படியே வெளிய போட்டுடுவாங்க. ‘விரும்பத்தக்கது’ன்னு போட்டிருந்தா இல்லாட்டியும் பரவால்ல. ‘வேண்டும்’னு போட்டிருந்தா, வேண்டும். அங்க போய்க் கெஞ்சி, அழுது, ஒண்ணும் நடக்காது.”

“அனுபவம் கேப்பாங்களாமே?”

“கேப்பாங்க. ஆனா சின்ன யூனிட்டுக்குத் தளர்வு குடுக்க விதி இருக்கு. டெண்டர்ல அது போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா, டெண்டருக்கு முன்னாடி ஒரு கூட்டம் வெப்பாங்க, அதுல எழுந்து கேளுங்க. அங்க யாரு என்ன கேட்டாலும் பதில் எல்லாருக்கும் எழுத்துல போயிடும். அதனால உங்க ரகசியத்தை மட்டும் கேள்வியாக் கேட்டு வெக்காதீங்க.”

அவள் அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புருஷனிடம் ஒப்பித்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “எங்க முதலாளியம்மா கலெக்டர் மாதிரி பேசறா” என்று கன்னத்தைத் தட்டினான்.

டெண்டர் வந்தது. அச்செடுத்து வந்து, வெட்டுமேஜையில் துணித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே படித்தாள். சின்ன யூனிட்டுக்கு அனுபவத்தில் தளர்வு உண்டு என்று மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினாள். திரைக்கான விவரக்குறிப்பு வந்தது.

‘திரையின் மேற்பகுதியில் மூச்சுப்பட்டி அமைந்திருக்க வேண்டும். துணியை முன்கூட்டியே வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிய பின்னரே, நாடா கொடுத்து மூச்சுப்பட்டி இணைக்கப்பட வேண்டும்.’

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டு ஆல்பத்தில் தன் குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு குழப்பமான சந்தோஷம். அடுத்த கணமே அந்த வரியை மறுபடி படித்தாள். தன் குழந்தையின் படம் அங்கே எப்படிப் போனது?

மூச்சுப்பட்டி. படுக்கையறையில் பிறந்த வார்த்தை. தையல்காரப் பெண்களுக்குத் தெரியாது, உதவி மையப் பெண்ணிடம்கூட ‘வலை வெச்ச திரை’ என்றுதான் சொல்லியிருந்தாள். இந்த உலகத்தில் அந்த வார்த்தை தெரிந்தது இரண்டே பேருக்கு. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மாலையில் வந்தான். காபியைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“என்னங்க, நம்ம திரையைப் பத்தி அத்தான்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?”

அத்தான் என்றது அவனுடைய அண்ணனை. வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி, மேஜை, கட்டில் சப்ளை செய்கிற கம்பெனி வைத்திருந்தார். எந்த அலுவலகத்திலும் எந்தக் கதவையும் தட்டாமல் திறக்கிறவர்.

“எந்தத் திரை?” என்றான் அவன்.

“நம்ம ரூம்ல தொங்குதே, அந்தத் திரை.”

“அண்ணன்கிட்ட நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ஒண்ணும் சொல்லலியே.”

கழுத்திலிருந்து டேப் இறங்கியது. வெட்டுமேஜையின் நீளத்தை அளந்தான். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேஜையாகவும் அதையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமும் மனப்பாடமாகத் தெரிந்த மேஜை அது. அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு, டம்ளரைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பெரியவரே வந்து மிச்சத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு ஒளிக்க எதுவும் இல்லை. தான் செய்தது உபகாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

“எங்கம்மா முதலாளியம்மா? ஸ்வீட் எடு, கொண்டாடு! ஆஸ்பத்திரி டெண்டர் வந்தாச்சு. நம்ம சரக்குக்குன்னே தைச்ச சட்டை மாதிரி வந்திருக்கு.”

“நம்ம சரக்கா அத்தான்?”

“பின்னே? நான் எடுக்கறேன், தையல் மொத்தமும் உன்கிட்டத்தான் தரப் போறேன். மூணு மெஷின் போதாது, இன்னும் ரெண்டு போட்டுக்கோ. இவன் எழுதிக் குடுத்தான் பாரு, ஒரு வரி மாத்தல, அங்க அப்படியே ஏத்திக்கிட்டாங்க. அது என்னடா பேரு, மூச்சிப்பட்டையா?”

“மூச்சுப்பட்டி” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அதான். பேரு கேட்டதும் ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க. ஏதோ பெரிய டெக்னிக்கல் சமாச்சாரம்னு நெனச்சிருப்பாங்க போல!” பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “எங்கேர்ந்துடா புடிச்ச?”

 அவள்தான் பதில் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் அத்தான்.”

பெரியவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, கூட்டத்துக்குத் தம்பி தன்னோடு வந்தால் நல்லது, திரையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் தேய்கிற வரைக்கும் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவன் கை டேப்புக்குப் போயிற்று.

“அளக்காதீங்க” என்றாள்.

கை அப்படியே நின்றது. அவளுக்கு அது தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“உன் நல்லதுக்குத்தான்டீ. அனுபவம் இல்லைன்னு உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அண்ணன்கிட்ட எல்லா சர்டிபிகேட்டும் இருக்கு. வேலை நம்ம வீட்டுக்குத்தானே வருது?”

“சின்ன யூனிட்டுக்குத் தளர்வு இருக்குன்னு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? கலெக்டர் மாதிரி பேசறேன்னு கன்னத்தைத் தட்டினீங்க. காதுல விழலையா?”

“விழுந்துது. ஆனா நமக்கெல்லாம் குடுப்பாங்களா?”

“அதை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“ஓ. அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க.”

 நேற்று அவன் பொய் சொன்னபோது அவளுக்கு வலித்ததைவிட, இன்று உண்மை சொன்னபோது அதிகமாக வலித்தது. திருடனுக்காவது சாமான் யாருடையது என்று தெரியும். இவன் தங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததை எடுத்துத் தன்னுடையது என்று நினைத்துக் கொடுத்திருக்கிறான். துணியையும் நாடாவையும்கூட மன்னிக்கலாம். அந்த வார்த்தைக்குப் பதிலாக ‘வலை’ என்று எழுதியிருக்கக் கூடாதா? வேறு பெயர்கூடத் தேடத் தோன்றாத அளவுக்கு அது அவன் வாயில் சரளமாக இருந்திருக்கிறது. அதை நினைக்கையில்தான் அவளுக்கு அழுகை வந்தது. அந்தச் சரளம் அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை.

உதவி மையப் பெண் முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை முதல் தடவையாக மூக்குக்கு இறக்கினாள்.

“அக்கா, கடைசிப் பக்கம் பாத்தீங்களா? உறுதிமொழி இருக்கு பாருங்க. ‘நானோ என் நெருங்கிய குடும்பத்தாரோ இந்த விவரக்குறிப்பைத் தயாரிக்க எந்த விதத்திலும் உதவவில்லை.’ கேள்வித்தாளை எழுதினவங்க பரீட்சை எழுதக் கூடாதுங்கற மாதிரி.”

“அப்ப அத்தான் போட முடியாதா?”

“அவரு போடக் கூடாது. ஆனா எழுதிக் குடுத்தது உங்க வீட்டுக்காரர். நீங்களும் இதுல கையெழுத்துப் போட முடியாது. போட்டா அது பொய்.”

அவள் டெண்டரை மூடி மடியில் வைத்தாள். தன் திரைக்கான டெண்டர். தன் கண்டுபிடிப்பு, தன் வார்த்தை, தன் பேரில் யூனிட். அத்தனையும் இருந்தும் வாசலிலேயே தடுக்கிறது, தடுப்பது தன் புருஷன் என்கிற உறவு.

“வழியே இல்லையா?”

“நீங்க புகார் குடுக்கலாம். விசாரணை வரும். அது முடியறதுக்குள்ள டெண்டர் முடிஞ்சிடும், சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஒதுக்கி வெச்சிடுவாங்க, உங்களையும் சேத்து. இன்னொண்ணு இருக்கு. எழுதினவரே கூட்டத்துல எழுந்து, இது எங்கேர்ந்து வந்துதுன்னு எல்லார் முன்னாடியும் பதிவா சொல்லிட்டா, ஒளிவு மறைவு போயிடுது. அந்தப் பகுதியை எடுத்துட்டு அவங்களே புதுசா எழுதுவாங்க. அப்ப உங்களுக்கு அந்தத் தடை இருக்காது. எல்லாரையும் மாதிரி நீங்களும் போடலாம், கிடைக்கறதும் கிடைக்காததும் உங்க விலையைப் பொறுத்தது.”

“நானே எழுந்து சொன்னா?”

“அப்ப அது புகார்தான் அக்கா. அவரு வாயால வரணும்.”

அன்று சாப்பாடு போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, உறுதிமொழிப் பக்கத்தை அவன் முன் வைத்தாள். மையத்தில் கேட்டதை எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ‘நீங்கள் எழுந்து சொல்லுங்கள்’ என்பதைச் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்றாள், எழுதினவரே பேச வேண்டும் என்றாள், அதோடு நிறுத்தினாள். மிச்சத்தை அவனே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். அவ்வளவு தூரம்கூட அவன் நடந்து வரவில்லை என்றால், அவளாக எத்தனை தூரம் இழுப்பது?

அவன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் படித்தான்.

“நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடேன்” என்றான். “யாரு பாக்கப் போறாங்க? அண்ணனும் போடத்தான் போறாரு. அண்ணனை நாலு பேர் நடுவுல நிக்க வெக்கச் சொல்றியா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கொஞ்சம் மூச்சுப்பட்டி” என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வார்த்தை இப்போது விவரக்குறிப்பில் நான்காம் பிரிவு. அன்று ராத்திரியே படுக்கையறைத் திரையைக் கழற்றி மடித்து, பையில் வைத்தாள்.

கூட்டம் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், மாடியில். நீளமான அறை, நீளமான மேஜை, நடுவில் ஒரு மைக். மேஜையின் இந்தப் பக்கம் காலி நாற்காலிகள் நிறைய இருந்தன. பெரியவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவன். காலையில், “அண்ணன் கூப்பிடறாரு, எப்படித் தட்டறது?” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பியிருந்தான். அவள் பஸ்ஸில் வந்தாள். கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே போனாலும் அவன் அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவான், அவள் கண்ணுக்குப் பழகின காட்சிதான். ஆனால் இங்கே நடுவில் ஒரு மேஜை இருந்தது.

கழுத்தில் இன்று டேப் இல்லை. அண்ணன் கழற்றச் சொல்லியிருப்பார். டேப் இல்லாமல் அவன் யாரோ மாதிரி இருந்தான்.

கொள்முதல் அதிகாரி வயதானவர், ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை கைக்குட்டையை எடுத்தார். மரியாதையாகப் பேசினார்.

“இங்க கேக்கற கேள்வி எல்லாம் பதிவாகுது. பதில் எல்லாருக்கும் எழுத்துல வரும். யாருக்குச் சந்தேகமோ, மைக்கைக் கிட்ட வெச்சுக்கிட்டுக் கேளுங்க.”

கட்டில் கம்பி சப்ளை செய்கிறவர் ஒருவர், கம்பியின் கனத்தைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் டெலிவரி தேதியை நீட்டிக்க முடியுமா என்றார். பெரியவர் எதுவும் கேட்கவில்லை. கேள்வித்தாளின் பதில் தெரிந்த மாணவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி பிரியமாக. அவர் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் மொத்தமும் அவர் பக்கத்து நாற்காலியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

மைக் அவளிடம் வந்தது. யூனிட்டின் பேரைச் சொன்னாள். முதல் தடவையாக ஒரு அறையில் சத்தமாக அதைச் சொன்னாள்.

“சார், நாலாவது பிரிவுல ஒரு வார்த்தை இருக்கு. மூச்சுப்பட்டி. அப்படின்னா என்னங்க சார்?”

அதிகாரி புரட்டிப் பார்த்தார். “அது... திரைத் தொழில்ல வழங்கற பேருன்னு நெனச்சேன்மா. இல்லையா?”

“நான் திரைத் தொழில்லதான் இருக்கேன் சார். கடைல போய்க் கேட்டா யாருக்கும் தெரியாது.”

கட்டில் கம்பிக்காரர், “நானும் கேக்கணும்னுதான் இருந்தேன், நமக்குத்தான் படிப்பு பத்தலியோன்னு சும்மா இருந்துட்டேன்” என்றார். அறை கொல்லென்று சிரித்தது. பெரியவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. “டிரேட் நேம் சார், புதுசு” என்றார்.

“யாரோட டிரேட் நேம்?” என்றார் அதிகாரி.

பெரியவர் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்தவனின் முழங்கையை மெல்லத் தட்டினார், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. அவன் விரல்கள் மேஜை விளிம்பில் சாண் போட ஆரம்பித்திருந்தன. கட்டைவிரல், சுண்டுவிரல், கட்டைவிரல். டேப் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே.

அதிகாரி நிஜமாகவே சங்கடப்பட்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “எனக்குத் தெரியலம்மா. எந்த வழியா வந்துதுன்னு விசாரிச்சு எழுத்துல பதில் தரேன்” என்று பேனாவை எடுத்தார்.

விசாரணை. எல்லாரையும் ஒதுக்கி வைப்பது. உதவி மையப் பெண் சொன்ன முதல் வழி அவள் கண் எதிரிலேயே திறந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வரி அவர் எழுதிவிட்டால் முடிந்தது.

“விசாரிக்க வேண்டாம் சார், ஒரு நிமிஷம்” என்றாள். “தெரிஞ்சவர் இந்த ரூம்லயே இருக்காரு.”

பேனா நின்றது. அவள் பையிலிருந்து திரையை எடுத்து மேஜை மேல் வைத்தாள், பிரிக்காமல், மடித்தபடியே. அது தங்கள் அறைத் திரை என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. மேஜையின் அந்தப் பக்கம் விரல்கள் சாண் போடுவதை நிறுத்தின. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பெரியவர் அவன் கையை அழுத்திப் பிடிப்பதும் தெரிந்தது.

இந்த ஒன்றைக் கேட்காமலே கிடைக்கும் என்று எத்தனை நாள் காத்திருந்தாள்! திரைக்கு அடியில் நீண்ட அந்தக் கையை நம்பி, சின்ன ஆசை எதற்கும் செலவழிக்காமல், ஒரு புடவைக்கோ ஒரு சினிமாவுக்கோ உடைக்காமல் சேர்த்து வைத்த வரம். அதை இப்படி ஒரு அறையில், ஜலதோஷக்காரர் ஒருவர் முன்னால், மைக்கில் உடைப்பாள் என்று அவள் நினைத்திருப்பாளா? மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். 

“என்னங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அறை முழுக்க இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “நான் ஒண்ணு சேத்து வெச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா? எப்ப கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னீங்க. இப்ப கேக்கறேன். அண்ணன் பக்கத்துலேர்ந்து எழுந்து இந்தப் பக்கம் வாங்க. வந்து, இது யாரு வார்த்தை, யாரைக் கேக்காம யாருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னு, இந்த மைக்குல நீங்களே சொல்லுங்க.”